பாதுகாப்பு அதிகாரியின் மூன்று விரல்கள்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேரும் தமிழ்த் தொழிலாளர்கள் எல்லாரும் முதல் நாள் பாதுகாப்பு அதிகாரி ஜெரார்டின் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். தலைக்கவசத்தை எப்படி மாட்டுவது, ஏணியில் எப்படி ஏறுவது, கனமான பெட்டியைத் தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்வது என்று மூன்று மணி நேரம் பேசுவார். பதினெட்டு வருடங்களாக அதே பேச்சுதான். நடுவில் வரும் இரண்டு நகைச்சுவைகளும் மாறியதில்லை. "கைக்கு ஸ்டோர்ல ஸ்பேர் பார்ட் கிடையாது தம்பிகளா" என்று சொல்லிவிட்டு, சிரிப்புக்காக நான்கு விநாடி காத்திருப்பார். புதிதாக வந்தவர்கள் பயத்தில் சிரித்து வைப்பார்கள். ஜெரார்ட் அதைத் தன் பேச்சுத் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பத்து நான்காம் வயதில் வலது கை மரத்துப்போகத் தொடங்கியது.

இப்போது இதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பவர் அவரேதான். அப்போது சிரிப்பு வரவில்லை. காலையில் எழுந்தால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் வேறு யாருடைய விரல்களோ போல இருக்கும். கையைத் தொங்கவிட்டு நன்றாக உதறினால் மெல்ல உயிர் வரும், கூடவே ஊசி குத்துவது போன்ற வலியும் வரும். டாக்டரிடம் போங்கள் என்று மனைவி ஜெனிவீவ் முதல் வாரமே சொன்னார். செம்பவாங்கில் ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர். எதையும் இரண்டு தடவைக்கு மேல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஜெரார்ட் தனக்குத் தெரிந்த முதலுதவிப் பாடங்களைப் புரட்டிப் பார்த்து, இது பக்கவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாம் என்று முடிவு செய்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். வாய் கோணுகிறதா என்று பார்க்கப் பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தார். வாய் நேராகத்தான் இருந்தது. உள்ளே யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று வெளியிலிருந்து ஜெனிவீவ் கேட்டார்.

பக்கவாதம் இல்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்ட பிறகு, இரத்த ஓட்டம் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய், சிராங்கூன் சாலைப் பக்கம் மூலிகை எண்ணெய் விற்கும் ஜாஃபரின் கடையில் பச்சை நிறப் புட்டி ஒன்றை வாங்கினார். ஜாஃபர் நேர்மையான மனிதர். விரல் மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள் அண்ணே, இது மூட்டு வலிக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தார். தொழில் முறையில் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்பவர் கடைக்காரரின் அறிவுரையைக் கேட்பதா என்று ஜெரார்டுக்குத் தோன்றியது. தினமும் மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கம்பெனிப் பேருந்தில் ஏறினார். மூன்று வாரம் அவர் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. விரல்களில் ஒரு மாற்றமும் இல்லை.

கோயிலில் நடந்ததுதான் அவரைக் கிளப்பியது. தமிழ்த் திருப்பலியில் மாதம் ஒருமுறை முதல் வாசகம் வாசிப்பது ஜெரார்டின் பொறுப்பு. குரல் கணீரென்று இருக்கும், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அன்றைக்கு இறைவாக்கினர் ஒருவர் மக்களைக் கடுமையாகக் கண்டிக்கும் பகுதி. பக்கத்தைத் திருப்பும்போது, விரல் நுனியில் தாளே உணர்வுக்கு எட்டாததால் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. கண்டனத்தில் தொடங்கியவர் அதே கணீர்க் குரலில் ஒரு விருந்துக்குள் நுழைந்து, கொழுத்த பண்டங்களோடு வாசகத்தை முடித்தார். சபை வழக்கம்போலப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. தவறு செய்ததைவிட, ஒருவருக்குமே வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவரை அதிகம் புண்படுத்தியது. ஜெனிவீவ் மட்டும் வீட்டுக்குப் போகும் வழியில், "இன்னிக்குக் கடவுள் திட்டிட்டு உடனே சோறு போட்டுட்டாரு போல" என்றார்.

மறுநாள் ஜெரார்ட் அரசு பாலிகிளினிக்கில் இருந்தார்.

இளம் டாக்டர் அதிகம் பேசவில்லை. மணிக்கட்டின் நடுவில் விரலால் தட்டினார். நடுவிரல் வரை மின்சாரம் ஓடியது போல இருந்தது. பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். தலைகீழாக வணக்கம் சொல்வது போன்ற அந்த நிலையில் அரை நிமிடத்துக்குள் மூன்று விரல்களும் மரத்துவிட்டன. கார்ப்பல் டனல் என்றார் டாக்டர். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது. தசைநாண்களோடு ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. நரம்பு எந்த அளவுக்கு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே கையில் சிறுசிறு மின் அதிர்ச்சிகள் கொடுத்துச் சோதித்தார்கள். பதினெட்டு வருடமாக மின்சாரப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர், முதல் அதிர்ச்சிக்கே நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பினார். இது மிகக் குறைந்த அளவு என்று சோதனை செய்த பெண் சொன்னபோது, தெரியும் தெரியும் என்றார்.

இதற்குள் ஜெரார்ட் மனதளவில் அறுவை சிகிச்சை முடித்து வந்திருந்தார். பங்குத் தந்தையிடம் ஜெபிக்கச் சொல்லியிருந்தார். பட்டறையில் தனக்குப் பதிலாக யார் வகுப்பு எடுப்பது என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தார், நகைச்சுவைகளைச் சொல்ல வேண்டிய இடங்களைக்கூடக் குறித்து. சோதனை முடிவைப் பார்த்த டாக்டர், பாதிப்பு நடுத்தரத்துக்கும் கீழேதான், இப்போதைக்குக் கத்தி தேவையில்லை என்றார். ஆறு வாரம் தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும், கைப் பயிற்சிகள் செய்ய வேண்டும், குறையாவிட்டால் ஓர் ஊசி. அவ்வளவுதான்.

"ஆபரேஷன் வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டார் ஜெரார்ட். குரலில் இருந்த ஏமாற்றம் அவர் காதிலேயே விழுந்தது.

பட்டை என்பது நடுவில் அலுமினியத் தகடு வைத்துத் தைத்த கறுப்புத் துணி. அதை அவர் கைக்கு அளந்து கட்டிவிட்டவர் வைஷாலி என்ற கைச் சிகிச்சையாளர். ஜெரார்டுக்கு மகள் என்று சொல்லக்கூடிய வயதுதான் இருக்கும், ஆனால் கேள்விகள் போலீஸ்காரருடையவை. தூங்கும்போது கை எங்கே இருக்கும் என்று கேட்டார். கன்னத்துக்கு அடியில், மடக்கி. வேலையில் கைக்கு என்ன வேலை? அறிக்கைகள் தட்டச்சு செய்வது, நிறைய, ரொம்பவே நிறைய என்றார் ஜெரார்ட். ஃபோன்? கொஞ்சம்.

"கொஞ்சம்னா எவ்வளவு அங்கிள்? உங்க ஃபோனே கணக்கு வச்சிருக்கும், காட்டுங்களேன்."

ஒரு நாளைக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் என்று ஃபோன் காட்டியது. அதில் பெரும்பகுதி, ஒரே நிற மிட்டாய்களை வரிசையாகச் சேர்க்கும் விளையாட்டு. செம்பவாங்கிலிருந்து ஜூரோங் வரை போகவும் வரவும், கட்டைவிரலால் மிட்டாய் தள்ளிக்கொண்டே போவார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாவது கட்டத்தில் இருந்தார். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால், பாதுகாப்பு அறிக்கை படிப்பவரைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொள்வார். இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, வயது, சர்க்கரை, தூங்கும் விதம் எல்லாம் சேர்ந்திருக்கும் என்று வைஷாலி பெருந்தன்மையோடு சொன்னார். ஆனால் நரம்புக்கு ஓய்வு வேண்டும், அதுவரை மிட்டாய் வேண்டாம். பிறகு விரல்களை நீட்டி, கொக்கிபோல் மடக்கி, முஷ்டி பிடித்து, மறுபடி நீட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வலிக்காத அளவுக்கு.

இரவில் கை மரத்து விழித்துக்கொள்வது முதல் வாரத்திலேயே கொஞ்சம் குறைந்தது. தூக்கத்தில் புரளும்போது தகடு வைத்த கை ஜெனிவீவின் தோளில் இரண்டு தடவை இறங்கியது. அதற்குப் பிறகு நடுவில் ஒரு தலையணை வந்தது.

பட்டறையில் இது யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் ஜெரார்ட் உறுதியாக இருந்தார். கையைப் பாதுகாப்பது எப்படி என்று பாடம் எடுப்பவரின் கைக்கே பாதுகாப்பில்லை என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் மரத்த விரல்களுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. பழைய தொழிலாளர்களுக்கான ஆண்டு வகுப்பு ஒன்றில், பலகையில் எழுதும்போது மார்க்கர் பேனா கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது அறையில் எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் ஜெரார்ட், குரலை உயர்த்தி. "கையில இருக்கிற பொருள் இப்படித்தான் கீழ விழும். மேல நின்னு வேலை செய்யறப்போ இதுவே ஸ்பானரா இருந்தா?"

முன்வரிசையில் இருந்த ரமீஸ் என்ற தொழிலாளி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்று ஜெரார்ட் நெஞ்சை நிமிர்த்தினார்.

வகுப்பு கலைந்த பின் ஒருவர் மட்டும் நின்றார். சேக் தாவூது. நாற்பத்தொரு வயது, இராமநாதபுரம் பக்கம், பட்டறையில் ஒன்பது வருடம். கப்பலின் இரும்புத் தகடுகளைக் கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. நாள் முழுக்க அந்த இயந்திரம் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவர் தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் தொட்டுக் காட்டினார்.

"உங்களுக்கும் இந்த மூணுதானா சார்? சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்கும், இல்ல?"

மறைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. ஜெரார்ட் தலையாட்டினார். உனக்கு எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒன்றரை வருடம் என்றார் தாவூது.

"ஒன்றரை வருஷமா? ஏன் தம்பி என்கிட்ட சொல்லல?"

தாவூது கொஞ்சம் தயங்கினார். "சொன்னேன் சார். போன வருஷம் நோன்புக்கு முன்னாடி. தண்ணி நிறைய குடி, கையை நல்லா உதறிக்கோன்னீங்க."

ஜெரார்டுக்கு அப்படி ஒன்று நினைவிலேயே இல்லை. தாவூது போன பிறகு கணினியைத் திறந்து தேடினார். இருந்தது. ஊழியர் எண், தேதி, முறையீடு: விரல் மரத்தல். நடவடிக்கை: தண்ணீர் அருந்த அறிவுறுத்தப்பட்டது. நிலை: முடிந்தது. கீழே அவர் பெயர். அந்த மாதம் எல்லா முறையீடுகளையும் உரிய நாளுக்குள் முடித்ததற்காக அவருடைய பிரிவுக்கு ஒரு கோப்பைகூடக் கிடைத்திருந்தது. அது மேசை மேல்தான் இருந்தது. அதில் பேனாக்கள் போட்டு வைத்திருந்தார்.

தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வது ஜெரார்டுக்குப் பழகிய வேலை. அன்றைக்கு அது வரவில்லை. தன் கைக்கு இரண்டு மாதத்தில் எத்தனை டாக்டர்கள், எத்தனை சோதனைகள் என்று நினைத்துப் பார்த்தார். அந்த ஆளுக்குத் தான் கொடுத்தது ஒரு வாய்த் தண்ணீர்.

வேலையிடத்தில் தாவூது மனம்விட்டுப் பேசமாட்டார் என்று தெரிந்ததால், அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஜெரார்ட் லிட்டில் இந்தியாவுக்குப் போனார். வாரம் முழுவதும் தொழிலாளர் விடுதிகளில் அடைந்திருப்பவர்கள் நடைபாதை கொள்ளாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்ன இடத்தில் தாவூது சலவை செய்த சட்டையோடு காத்திருந்தார். இருவரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். பிரியாணி வந்தது. தாவூது கரண்டியை எடுத்தார். கையால் சாப்பிடுவதில்லையா என்று ஜெரார்ட் கேட்டார்.

"கையால சாப்பிட்டா சூடு தெரியல சார். வாய்க்குப் போனப்புறம்தான் தெரியுது. ரெண்டு தடவை விரல்ல கொப்புளமே வந்துருச்சு. ஊருக்குப் போனா பிள்ளைங்க, அத்தா ஏன் ஸ்பூன்ல சாப்பிடறாங்கன்னு கேக்குதுங்க. சிங்கப்பூர்ப் பழக்கம்னு சொல்லி வச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்பதற்கென்று ஜெரார்ட் பேருந்தில் வரும்போதே அழகான நான்கு வாக்கியங்கள் தயார் செய்திருந்தார். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நான் சரியா கேக்கல தம்பி. தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை சார் என்றார் தாவூது. இரண்டாம் முறை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கையில் கோளாறு என்று பேர் வந்தால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கமாட்டார்களோ என்ற பயம்தான் என்றார். அதைச் சொன்னபோது அவர் ஜெரார்டைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஜெரார்ட் புது அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்தார், பட்டை கட்டிய கையோடு. காரணம் என்ற கட்டத்தில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று போட முயன்றார். கணினி ஏற்கவில்லை. அதில் வழுக்கும் தரை, உயரம், மின்சாரம், இரசாயனம் என்று பட்டியல்தான் இருந்தது. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் தன் பெயரை எழுதி, மேலாளர் பாலகிருஷ்ணனிடம் கொண்டுபோனார். தாவூதைக் கம்பெனிச் செலவில் கை டாக்டரிடம் காட்ட வேண்டும், கை தேறும்வரை கிரைண்டரைத் தொடாத வேலை கொடுக்க வேண்டும், கிரைண்டர் பிடிக்கும் மற்றவர்களையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டார். அன்று மிக மோசமாகப் பேசினார். திக்கினார், ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார்.

பாலகிருஷ்ணன் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெரார்ட், உங்களை எனக்குப் பதினாறு வருஷமா தெரியும். ஜோக் இல்லாம நீங்க பேசி இப்பதான் பாக்கறேன். சரி லா, செஞ்சிருவோம்."

பதினாறு வருடமும் நகைச்சுவைகள்தான் தடையாக இருந்திருக்கின்றன போலும் என்று ஜெரார்ட் யோசித்துக்கொண்டே வெளியே வந்தார்.

தாவூதின் நரம்பு ஜெரார்டுடையதைவிட அதிகம் நசுங்கியிருந்தது. கட்டைவிரலின் அடிப்பகுதியில் சதை கொஞ்சம் வற்றியிருந்ததை டாக்டர் தொட்டுக் காட்டினார். பட்டை, ஊசி, அதிர்வு இல்லாத வேலை என்று மூன்று மாதம் பார்ப்போம், தேறாவிட்டால் அறுவை சிகிச்சைதான், தள்ளிப்போடக் கூடாது என்றார். தாவூதைத் தீக் கண்காணிப்பு வேலையில் போட்டார்கள். வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பானோடு நின்று பொறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் கழிந்தும் ஜெரார்டின் விரல்களில் பாதி மரப்பு மிச்சம் இருந்தது. ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். ஜெரார்ட் உள்ளே போகும்போதே, தான் பதினெட்டு வருடமாக முதலுதவிப் பயிற்சி கொடுப்பவர் என்பதை எல்லாருக்கும் தெரிவித்துவிட்டார். ஊசி மணிக்கட்டை நெருங்கியது. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்தது கூரைதான். தாதி அவர் கால்களுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உயரமாக வைக்க வேண்டும் என்று, கண்ணைக்கூட முழுதாகத் திறக்காமல் ஜெரார்ட் திருத்தினார். தாதி இன்னொரு தலையணை வைத்தார்.

ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் மணிக்கட்டு வலித்தது. பிறகு ஒரு காலை, எழுந்து பல் தேய்த்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்த பிறகுதான், கையை உதறாமலே எழுந்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஜெனிவீவிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவர் விரலின் சூடு தெரிந்தது.

தேநீர் இடைவேளையில் ஜெரார்டும் தாவூதும் கேன்டீன் பின்னால் நின்று ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். நீட்டு, கொக்கி, முஷ்டி, நீட்டு. முதலில் பார்த்தவர்கள் இருவரும் ஏதோ சைகையில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தார்கள். ஒரு மாதத்தில் கிரைண்டர் பிடிக்கும் ஏழெட்டுப் பேர் கூடவே நின்றார்கள். அதில் இருவர் தங்களுக்கும் விரல் மரக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்கள். அவர்கள் பெயரை எழுதிக்கொண்ட ஜெரார்ட் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்று மாத முடிவில் தாவூதின் விரல்களுக்குச் சூடும் குளிரும் திரும்பின. வற்றிய சதை முழுதாக வராது, ஆனால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்போம் என்றார் டாக்டர். பெர்மிட்டும் புதுப்பிக்கப்பட்டது. தீக் கண்காணிப்பு வேலையிலேயே இருந்துகொள்வதாகத் தாவூது கேட்டுக்கொண்டார். ஓவர்டைம் குறையும் என்று சொன்னபோது, கை இருந்தால் போதும் சார் என்றார்.

ஜெரார்டின் நடுவிரல் நுனியில் மட்டும் ஒரு மெல்லிய மந்தம் மிச்சம் இருக்கிறது. அதோடு வாழலாம் என்று வைஷாலி சொல்லிவிட்டார். கடைசித் தடவை போனபோது, கையின் பிடியை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னார். இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் அதிகம் காட்டியது. கருவியில் ஏதோ கோளாறு என்று ஜெரார்ட் வாதாடிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார், முகம் சிவக்க. அதே எண்தான்.

"போதும் அங்கிள். இனி நீங்க வரவேண்டாம். திரும்ப மரத்தா மட்டும் தள்ளிப்போடாம வாங்க."

ஜெரார்ட் நன்றி சொன்னார். பிறகு கொஞ்சம் இழுத்து, சிகிச்சையை முடித்ததற்குச் சான்றிதழ் ஏதாவது உண்டா என்று கேட்டார். வைஷாலி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேறிய வலது கையால் அறைக் கதவைப் பலமாகத் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார்.

"அங்கிள்," என்றார் வைஷாலி பின்னாலிருந்து, "அது இழுக்கிற கதவு."